நாடிழந்தவனின் பெயர் தாங்கிய கடிகாரம்

உலகின் மிக விலையுயர்ந்த கடிகாரங்கள் எவை என்ற பேச்சு எழும்போதெல்லாம் தவறாமல் அடிபடும் பெயர் ‘பட்டேக் பிலிப்’. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் தயாராகும் இந்தக் கடிகாரங்களை அரசர்களும் ஆலை அதிபர்களும் அணிந்தனர். ஏல மண்டபங்களில் இவை கோடிக் கணக்கில் விலைபோகின்றன. செல்வத்தினதும் நிலைபேற்றினதும் அடையாளமாக இப்பெயர் ஆகிவிட்டது. ஆனால், அந்தப் பெயரின் முதற்பாதிக்கு உரியவர் சுவிற்சர்லாந்தில் பிறந்தவர் அல்லர். கடிகாரத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டவரும் அல்லர். தோற்றுப்போன ஒரு போரிலே காயமுற்று, நாட்டைவிட்டு வெளியேறி, அகதியாக ஜெனீவா வந்து சேர்ந்த போலந்து நாட்டுக் குதிரைப்படை வீரர் அவர். அகதி என்ற சொல்லின் கனத்தை நமது வாசகர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

இந்த நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லவந்தவர்கள் பலர், ஏலத் தொகைகளையும் வைரங்களையும் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார்கள். அதன் ஆரம்பத்திலே நின்ற மனிதர்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

அகதிகள் வளர்த்த தொழில்

ஜெனீவாவின் கடிகாரத் தொழிலே அகதிகளால் வளர்ந்தது எனலாம். பதினாறாம் நூற்றாண்டில் அந்நகரைச் சமயச் சீர்திருத்தத்தின் கோட்டையாக்கிய ஜோன் கல்வின், பிரான்சிலிருந்து தப்பியோடி வந்தவர். ஆடம்பர அணிகலன்களை அணிவதை அவரது ஆட்சிமுறை கண்டித்தது. கைத்திறன் மிக்க பொற்கொல்லர்கள் பிழைப்புக்கு வழிதேட வேண்டியவர்களானார்கள். அதே காலத்தில், பிரான்சில் துன்புறுத்தலுக்கு உள்ளான ஹூகனோக்கள் எனப்பட்ட புரட்டஸ்தாந்தர் ஜெனீவாவில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களிடையே கடிகாரம் செய்யத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். நேரம் காட்டும் கருவி பயனுள்ள பொருள். அதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. நகை செய்த கைகள் கடிகாரம் செய்யத் தொடங்கின. 1601ஆம் ஆண்டில் ஜெனீவாவின் கடிகாரக் கலைஞர்கள் தமக்கென ஒரு தொழிற்சங்கத்தையே அமைத்துக்கொண்டார்கள்.

பின்னர் வந்த இரு நூற்றாண்டுகளில் இத்தொழில் நகரெங்கும் பரவியது. சென் ஜேர்வே என்ற பகுதியில் உயர்ந்த வீடுகளின் மேல்மாடிகளில், பெரிய யன்னல்களின் வெளிச்சத்தில் இருந்து கலைஞர்கள் வேலை செய்தார்கள். ஒருவர் பற்சக்கரம் வெட்டுவார். இன்னொருவர் முகப்பில் எனாமல் பூசுவார். வேறொருவர் உறை செய்வார். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து விற்பதற்கு ஒரு வணிகர் இருப்பார். இந்த வேலைப்பிரிவினையே, கடிகாரத் தொழில் தெரியாத ஒரு வெளிநாட்டவரும் அதனுள்ளே நுழைவதற்கு வழிதிறந்து வைத்திருந்தது.

தோற்ற போரின் வீரர்

அந்தோனி நோர்பேர்ட் பட்டேக், லப்ளின் நகரை அண்டிய கிராமம் ஒன்றில் பிறந்தார். அவர் பிறந்தபோது போலந்து என்ற சுதந்திர நாடு உலகப் படத்தில் இருக்கவில்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதனைத் துண்டுபோட்டுப் பங்கிட்டுக்கொண்டன. பதினாறு வயதளவில் பட்டேக் குதிரைப்படையில் சேர்ந்தார். 1830 நவம்பர் 29ஆந் திகதி வார்சோவில் ரஷ்ய ஆதிக்கத்துக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தபோது அவரும் களத்திலே நின்றார். இருமுறை காயமடைந்தார். 1831 ஒக்டோபரில், போலந்தின் உயரிய வீர விருதான ‘வேர்ட்டூட்டி மிலிட்டாரி’ அவருக்கு வழங்கப்பட்டது. விருது கிடைத்த அதே மாதத்தில் போராட்டம் முற்றாகத் தோல்வியில் முடிந்தது.

ஆயிரக் கணக்கான போலந்து வீரர்களும் அறிஞர்களும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். போலந்து வரலாற்றில் இது ‘பெரும் புலப்பெயர்வு’ என்று அழைக்கப்படுகிறது. ஜேர்மன் பகுதிகளினூடாகப் பிரான்ஸ் நோக்கிச் சென்ற தோழர்களை ஒழுங்குபடுத்தி அனுப்பும் பணியில் பட்டேக் ஈடுபட்டார். பின்னர் தாமும் பிரான்ஸ் சென்றார். அங்கே காஓர், அமியென் ஆகிய நகரங்களில் அவர் பார்த்த வேலை அச்சுக்கோப்பு. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய காலத்தைக் கண்ட எம்போன்ற பத்திரிகைக்காரருக்கு இத்தகவல் ஒரு தனி நெருக்கத்தைத் தருகிறது. நுண்ணிய பொருளைத் தலைகீழாகவும் பார்த்து, பிழையின்றி அதன் இடத்திலே பொருத்தும் பழக்கம் அங்கே அவருக்கு வாய்த்திருக்க வேண்டும்.

அங்கிருந்து ஜெனீவாவுக்கு வந்த பட்டேக், இயற்கைக் காட்சிகளை வரைவதில் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கலாம் என்ற ஓவியரிடம் ஓவியம் பயின்றார். கடிகார இயந்திரங்களைத் தரம் பார்த்து வாங்கி, அழகிய உறைகளில் பொருத்தி விற்கவும் தொடங்கினார். இயந்திரம் செய்யத் தெரியாவிட்டாலும் நல்ல இயந்திரம் எது, நல்ல வேலைப்பாடு எது என்று இனங்காணும் கண் அவரிடம் இருந்தது.

ஆறு ஆண்டுக் கூட்டு

1839 மே 1ஆந் திகதி பட்டேக் இன்னொருவருடன் கூட்டுச் சேர்ந்தார். பொஹீமியாவில் பிறந்து, வார்சோவில் கடிகாரத் தொழில் செய்து, அதே கிளர்ச்சியில் பங்குபற்றி, அதே தோல்வியால் ஜெனீவாவுக்கு வந்த பிரான்சிஷெக் சாப்பெக் என்பவரே அவர். ‘பட்டேக், சாப்பெக் அன் கோ’ என்ற அந்தச் சிறிய நிறுவனத்தில் அரை டசின் அளவிலான தொழிலாளர்களே இருந்தனர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இருநூறு கடிகாரங்கள் வெளிவந்தன.

அக்கடிகாரங்களை வாங்கியவர்களில் கணிசமானோர் புலம்பெயர்ந்த போலந்து மக்கள். எனவே உறைகளின்மேல் போலந்தின் வீரர்களான கொஷ்சியூஸ்கோ, பொனியாத்தோவ்ஸ்கி ஆகியோரின் உருவங்களும், அந்நாட்டு மக்கள் போற்றும் செஸ்தகோவா மாதாவின் உருவமும் தீட்டப்பட்டன. நாட்டின் கொடியை வெளிப்படையாக ஏற்ற முடியாத ஒரு காலத்தில், சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய சிறியதொரு தாயகமாக அந்தக் கடிகாரங்கள் அமைந்தன.

கூட்டு நீடிக்கவில்லை. ஆறு ஆண்டு ஒப்பந்தம் 1845இல் முடிந்தபோது இருவரும் பிரிந்தார்கள். சாப்பெக் தனி நிறுவனம் தொடங்கினார். 1850இல் போலந்து மொழியில் கடிகாரக் கலைபற்றி நூலொன்றை எழுதியவரும் அவரே. அம்மொழியில் அத்துறைக்கு அதுவே முதல் நூல். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. ஆயினும் அவரது நிறுவனம் சில பதிற்றாண்டுகளுக்குள் மறைந்து போயிற்று. நம் காலத்தில், 2015ஆம் ஆண்டளவில், அப்பெயரை வேறு சிலர் மீண்டும் உயிர்ப்பித்துள்ளார்கள். ஒரே போரிலிருந்து ஒரே நகருக்கு வந்த இருவரில் ஒருவரின் பெயர் உலகப் பெயராகவும், மற்றவரின் பெயர் ஒன்றரை நூற்றாண்டு உறங்கிய பெயராகவும் ஆனது.

சாவியை ஒழித்த பிரெஞ்சுக்காரர்

இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் அட்ரியன் பிலிப். 1815இல் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் பிறந்த இவர் பிறவிக் கலைஞர். அக்காலத்துச் சட்டைப்பைக் கடிகாரங்களுக்குத் தனியான ஒரு சிறு சாவி இருந்தது. கடிகாரத்தைத் திறந்து, அச்சாவியைத் துளையில் நுழைத்து முறுக்கவேண்டும். முட்களைத் திருப்புவதற்கும் சாவியே வேண்டும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் தூசியும் ஈரமும் உள்ளே புகும். சாவி தொலைந்தாலோ கடிகாரம் நின்றுவிடும்.

பிலிப் 1842இல் ஒரு மாற்று வழியைக் கண்டார். கடிகாரத்தின் தலைப்பகுதியில் உள்ள குமிழையே திருகினால் சுருள்வில் முறுக்கேறும். அதே குமிழைக் கொண்டே முட்களையும் நகர்த்தலாம். இன்றும் இயந்திரக் கைக்கடிகாரம் அணிபவர் ஒவ்வொருவரும் காலையில் செய்கின்ற அந்தச் சிறு செயலின் ஊற்று இந்த உத்தியிலே இருக்கிறது. 1844இல் பாரிஸ் கைத்தொழிற் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. பாரிஸ் வணிகர்கள் பெரிதும் அக்கறை காட்டவில்லை. கண்காட்சிக்கு வந்திருந்த பட்டேக் ஒருவர் மட்டும் அதன் பெறுமதியைக் கண்டுகொண்டார்.

பட்டேக் பிலிப்பை ஜெனீவாவுக்கு அழைத்தார். தொழில்நுட்பத் தலைமையுடன் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கும் பிலிப்புக்குப் பேசப்பட்டது. 1851இல் நிறுவனத்தின் பெயரே ‘பட்டேக், பிலிப் அன் கோ’ ஆயிற்று. தொழில் தெரியாத வணிகர் ஒருவர், தொழில் தெரிந்தவரின் பெயரைத் தம் பெயருக்குச் சமமாகப் பொறித்துக்கொண்டார். அக்கால முதலாளிமாரிடம் இத்தகைய பெருந்தன்மையை எளிதில் காணமுடியாது.

அதே 1851ஆம் ஆண்டிலே லண்டன் பளிங்கு மாளிகையில் மாபெரும் கண்காட்சி நடைபெற்றது. அங்கே சாவியில்லாத இக்கடிகாரங்களைக் கண்ட விக்டோரியா மகாராணி, நீல எனாமல் பூசி வைரங்கள் பதித்த சிறிய பதக்கக் கடிகாரம் ஒன்றைத் தமக்கென வாங்கினார். ஐரோப்பிய அரண்மனைகளின் கதவுகள் திறந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. நியூயோர்க்கின் புகழ்பெற்ற டிபனி நகைமாளிகையுடனான வணிகத் தொடர்பும் அக்காலத்திலேயே தொடங்கியது. 1868இல் ஹங்கேரிய கோமாட்டி ஒருவருக்காக நிறுவனம் செய்த தங்கக் காப்புக் கடிகாரமே சுவிற்சர்லாந்தில் உருவான முதலாவது கைக்கடிகாரம் என்று கருதப்படுகிறது.

பெயர் தங்கியது, குடும்பம் தங்கவில்லை

1843இல் சுவிஸ் குடியுரிமை பெற்றபோதும் பட்டேக் போலந்தை மறக்கவில்லை. புலம்பெயர்ந்த போலந்து மக்களின் பணிகளில் கடைசிவரை ஈடுபட்டார். கத்தோலிக்க சமயத்திலும் ஆழ்ந்த பற்றுக்கொண்டிருந்தார். 1877 மார்ச் 1ஆந் திகதி அவர் ஜெனீவாவில் காலமானார். அப்போதும் போலந்து உலகப் படத்தில் இல்லை. அது மீண்டும் தனிநாடாவதற்கு இன்னும் நாற்பத்தோர் ஆண்டுகள் காத்திருக்கவேண்டி இருந்தது.

பட்டேக்கின் மகன் தந்தையின் தொழிலில் ஈடுபடவில்லை. நிறுவனம் பிலிப்பின் பக்கத்துக்குச் சென்றது. பிலிப் 1894இல் மறைந்தார். அதற்கு முன்னரே அவரது மகன் பொறுப்பேற்றிருந்தார். 1901இல் அது பங்குக் கொம்பனியாக மாறியது.

அடுத்த பெருஞ் சோதனை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1920களில் பட்டேக் பிலிப்பின் மிகச் சிறந்த வாடிக்கையாளர்கள் இருவர்: மோட்டார் வாகன உற்பத்தியாளரான ஜேம்ஸ் வார்ட் பக்கார்ட், நியூயோர்க் வங்கிக் குடும்பத்தவரான ஹென்றி கிரேவ்ஸ். மிகச் சிக்கலான கடிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற போட்டியில் இறங்கியவர்கள் என்றே இவ்விருவரையும் பற்றிப் பேசப்படுகிறது. தமது சொந்த ஊரான ஓஹாயோ மாநிலத்து வொறனின் இரவு வானத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்றைப் பக்கார்ட் 1927இல் பெற்றார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். கிரேவ்ஸ் கேட்ட கடிகாரமோ 1933இலேதான் கைக்கு வந்தது. நேரம் காட்டுவதோடு நிரந்தர நாட்காட்டி, மணியொலி, சந்திரனின் நிலை, நியூயோர்க் வானத்து விண்மீன்கள் எனச் சிறப்பு அம்சங்கள் 24. விலை 60,000 சுவிஸ் பிராங்.

அந்தக் கடிகாரம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே 1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சி ஏற்பட்டது. ஆடம்பரக் கடிகாரம் வாங்குவோர் அருகிப் போயினர். நிறுவனம் கைமாற வேண்டிய நிலை. 1932இல் அதை வாங்கியவர்கள் சார்ள்ஸ், ஜீன் ஸ்டேர்ன் என்ற சகோதரர்கள். இவர்கள் கடிகாரங்களுக்கு முகப்புத் தட்டுகள் செய்து வழங்கியவர்கள். முகப்பைச் செய்து கொடுத்தவர்களே முகப்பிலுள்ள பெயருக்கும் உரியவர்கள் ஆனார்கள். தங்கள் பெயரை அங்கே அவர்கள் எழுதவில்லை. பட்டேக்கின் பெயரும் பிலிப்பின் பெயரும் அப்படியே இருந்தன. அதே ஆண்டில் அறிமுகமான எளிய வட்டவடிவக் ‘கலட்ராவா’ கைக்கடிகாரம் நிறுவனத்தை மீண்டும் காலூன்ற வைத்தது.

யப்பானிலிருந்து வந்த புயல்

1969 டிசம்பர் 25ஆந் திகதி, யப்பானின் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரோன்’ என்ற குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மின்கலத்தின் சக்தியால் அதிரும் சிறு படிகத் துண்டொன்று, நூற்றாண்டுக் கணக்கில் மெருகேற்றப்பட்ட சுருள்வில்லையும் பற்சக்கரங்களையும் விடத் துல்லியமாக நேரம் காட்டியது. சுவிஸ் நிறுவனங்களும் இத்தொழில்நுட்பத்தை அறியாதிருக்கவில்லை. நொய்ஷாற்றலில் அவை கூட்டாக நடத்திய ஆய்வுநிலையம் 1967லேயே மாதிரிகளைச் செய்திருந்தது. பட்டேக் பிலிப்பும் அம்முயற்சியில் பங்காளி. ஆயினும் மலிவாகவும் பெருந்தொகையாகவும் உற்பத்தி செய்வதில் யப்பானும் ஹொங்கொங்கும் முந்திக்கொண்டன.

விளைவு பாரதூரமானது. 1970இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தனர். எண்பதுகளின் நடுப்பகுதியில் அத்தொகை முப்பதினாயிரத்தைச் சற்றுத் தாண்டியதாகவே இருந்தது. ஏறத்தாழ 1,600 ஆக இருந்த நிறுவனங்கள் 600 அளவுக்குச் சுருங்கின. ஜூரா மலைப்பகுதியில் பரம்பரை பரம்பரையாக இத்தொழிலையே நம்பியிருந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. பழைய இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. அனுபவம் வாய்ந்த கலைஞர்கள் வேறு வேலை தேடினார்கள்.

இந்நிலையில் ஸ்டேர்ன் குடும்பத்தின் மூன்றாந் தலைமுறையைச் சேர்ந்த பிலிப் ஸ்டேர்ன், இயந்திரக் கடிகாரத்தைக் கைவிடுவதில்லை என்று உறுதிகொண்டார். 1976இல் ஜெரால்ட் ஜென்டா என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் ‘நோட்டிலஸ்’ வெளிவந்தது. துருப்பிடிக்காத உருக்கினால் ஆன கடிகாரம். தங்கக் கடிகாரத்துக்கு நிகரான விலை. அந்நாளில் பலரும் அதைத் துணிச்சலான சூதாட்டமாகவே பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய துணிச்சல் அடுத்துவந்தது. நிறுவனத்தின் 150ஆம் ஆண்டு நிறைவுக்காக, உலகின் மிகச் சிக்கலான கடிகாரத்தைச் செய்வதென்று முடிவாகியது. ஒன்பது ஆண்டு உழைப்பின்பின் 1989இல் ‘கலிபர் 89’ வெளிவந்தது. 33 சிறப்பு அம்சங்கள், 1,728 பாகங்கள், ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை. சாதாரண நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம் நான்கு ஆண்டுக்கொரு முறை வரும் பெப்ரவரி 29ஐ அறியும். ஆனால் 2100ஆம் ஆண்டு நெட்டாண்டு அல்ல என்பதை அது அறியாது. கலிபர் 89 அதனையும் கணக்கிலெடுத்தது. யாருக்கும் அத்தகைய கடிகாரம் அன்றாடத் தேவை அல்ல. ஆனால் அதனைச் செய்வதற்கு வேண்டிய கைகள் இன்னும் இருக்கின்றன என்று உலகுக்குக் காட்ட வேண்டிய தேவை சுவிற்சர்லாந்துக்கு இருந்தது. தொழில் அழிகிறது என்று எல்லோரும் சொன்ன வேளையில், ஒன்பது ஆண்டுகள் அத்தொழிலின் நுட்பங்கள் இளையவர்களின் கைகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. கலிபர் 89இன் மெய்யான பயன் அதுவே என்று நான் கருதுகிறேன்.

வாரிசு யார்?

இதன் பின்னர் நடந்தவை செய்தித்தாள் வாசகர்கள் அறிந்தவையே. 2001இல் ஜெனீவாவில் பட்டேக் பிலிப் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; பிலிப் ஸ்டேர்ன் தேடிச் சேர்த்த பழங்கடிகாரங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. கிரேவ்ஸின் கடிகாரம் 1999இல் ஒரு கோடியே பத்து இலட்சம் டொலருக்கும், 2014இல் இரண்டு கோடியே முப்பது இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேலாகவும் ஏலம் போனது. 2019 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த அறக்கொடை ஏலமொன்றில், உருக்கினால் ஆன ‘கிராண்ட் மாஸ்டர் சைம்’ மூன்று கோடியே பத்து இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைபோயிற்று. தசைச்சிதைவு நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அப்பணம் சென்றது. 2009 முதல் தியெரி ஸ்டேர்ன் நிறுவனத்தின் தலைவராக இருந்துவருகிறார். அக்குடும்பத்தில் அவர் நான்காந் தலைமுறை.

1996 முதல் இந்நிறுவனம் வெளியிட்டுவரும் விளம்பரங்கள் பிரசித்தமானவை. இக்கடிகாரம் உங்களுக்கு உரிமையானது அல்ல, அடுத்த தலைமுறைக்காக நீங்கள் அதனைக் காத்துவைக்கிறீர்கள் என்ற கருத்துப்பட அவை பேசும். தந்தையும் மகனும், தாயும் மகளும் நிற்கும் படங்கள் அவற்றில் வரும். விளம்பரம் என்ற அளவில் அது சாமர்த்தியமானது. பெருஞ் செல்வர்க்கு மட்டுமே எட்டும் ஒரு பொருளை வாங்குவதைக் குடும்பக் கடமைபோல அது காட்டிவிடுகிறது.

ஆனால், நிறுவனத்தின் சொந்த வரலாறு இதைவிட ஆழமான ஒரு பாடத்தைச் சொல்கிறது. பட்டேக்கின் மகன் அவரது தொழிலுக்கு வாரிசாகவில்லை. அவருக்குப்பின் அந்தத் தொழிலைக் கொண்டுசென்றவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நெருக்கடியில் அதைக் காத்தவர்கள் முகப்புத் தட்டுச் செய்த இரு சகோதரர்கள். இவர்களில் எவரும் பட்டேக்கின் இரத்தம் அல்லர். ஒரு பண்பாட்டையோ தொழிலையோ காப்பாற்ற உரித்துப் பத்திரம் மட்டும் போதாது. அதனைக் கற்றுக்கொள்ள ஆயத்தமான கைகளும், அக்கைகளுக்கு உரிய இடத்தைக் கொடுக்கும் மனமும் வேண்டும். 1845இல் பட்டேக் பிலிப்புக்குக் கதவைத் திறந்தபோது அந்த மனத்தைக் காட்டினார். அதற்குமுன் ஜெனீவா நகரம் பட்டேக்குக்கும் அவ்வாறே ஓர் இடத்தைக் கொடுத்திருந்தது.

அந்தோனி பட்டேக் ஜெனீவாவின் ஷத்தெலேன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தாம் போரிட்ட நாட்டின் விடுதலையை அவர் காணவில்லை. அந்த மண்ணில் துயிலும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் போலந்துக் குடும்பப் பெயர் ஒன்று இன்றும் ஆண்டுதோறும் பல்லாயிரம் முகப்புகளில் பொறிக்கப்பட்டு உலகெங்கும் செல்கிறது. அக்கடிகாரங்களை அணிவோரில் எத்தனை பேருக்கு, அது தோற்ற போரொன்றிலிருந்து தப்பிவந்த ஓர் இளைஞனின் பெயர் என்பது தெரியும்?